அன்ரோனெற் வீட்டு வருத்தம்

11.03.2025, செவ்வாய்.
நேற்று எழுதியதில் ஒரு சிறிய பிழை. அம்மாவுக்கு மூலவருத்தம் தொடங்கிய ஆண்டை 2010 என்று போட்டிருக்கிறேன். "நீ அப்ப சின்னப்பிள்ளை" என்று அம்மா சொன்னதை வைத்து நானாகக் கணித்தது. இன்று திரும்பக் கேட்டேன். மாமாவின் மகள் முதன்முதல் நற்கருணை வாங்கி, புதுநன்மை எடுத்த அன்று கோயில் வாங்குப் பலகையில் இருக்க முடியாமல் அம்மா பின்னால் நின்றாவாம். அது 2016. திருத்திக்கொள்கிறேன்.

இதை எழுதிவிட்டு ஜெயனி 'சிறிய' என்ற சொல்லைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடப் பிழை சிறிய பிழையா? வெட்டினால் பக்கம் அசிங்கமாகிவிடும். விட்டாலும் மனம் அரிக்கும். கடைசியில் விட்டுவிட்டாள். கொப்பியைப் பைக்குள் தள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். தேசிக்காய் போட்டுத் தேய்த்த பிறகும் கையில் நண்டு மணம் போகவில்லை.

அவளுக்கு இருபது வயது. விடிய ஐந்தரையிலிருந்து பின்னேரம் மூன்றரை வரை கடற்கரையில் உள்ள நண்டு வாடியில் வேலை. அவித்த நண்டை உடைத்துச் சதையைப் பிரித்தெடுக்கும் இடம் அது. பதினெட்டுப் பெண்கள் நீளப் பலகைகளில் வரிசையாக இருந்து உடைப்பார்கள். ஜெயனி சேர்ந்து பதினாலு மாதம். அவளுடைய அம்மா அன்ரோனெற் சேர்ந்து பதினொரு வருடம். செவ்வாய், வியாழன், சனி பின்னேரங்களில் ஜெயனி மன்னார் ரவுணுக்குப் போய் நோயாளர் பராமரிப்பு வகுப்பில் இருப்பாள். தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதவேண்டும் என்று வகுப்பில் சொன்னபோது மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் மட்டும் அன்றைக்கே கோடு போட்ட கொப்பி ஒன்று வாங்கினாள்.

மாதத் தொடக்கத்தில் வகுப்பில் ஒரு வேலை தந்தார்கள். குடும்பத்தில் பலருக்கு உள்ள வருத்தம் ஒன்றை எடுத்து மூன்று தலைமுறைக்குப் படம் கீறவேண்டும். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், வருத்தம் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு. என்ன வருத்தத்தை எடுப்பது என்று ஜெயனி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மூலவருத்தம் என்றால் அவர்கள் வீட்டில் சோறு கறி மாதிரி. அம்மம்மாவுக்கு இருந்தது. அம்மாவுக்கு இருக்கிறது. மாமிக்கும் இருக்கிறது. "எங்கட ஆக்களுக்கு உள்ளது" என்று அம்மா சொல்வதில் ஒரு பெருமைகூட இருக்கும், நல்ல மூக்கு முழி உள்ள குடும்பம் என்று சொல்வதுபோல. ஜெயனி அடிமட்டம் வைத்துக் கீறினாள். மூன்று வட்டங்களைக் கறுப்பாக்கினாள். தன் வட்டத்தை வெள்ளையாக விட்டாள்.

அது பொய். போன ஒக்ரோபரிலிருந்து அவளுக்கும் இரத்தம் போகிறது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

படம் கீறி நாலாம் நாள், வியாழக்கிழமை, அன்ரோனெற் வாடியில் விழுந்தா. பலகையிலிருந்து எழும்பினவ, நின்ற இடத்திலேயே மடிந்துபோனா. அவ இருந்த பலகை சிவப்பாக இருந்தது. சுப்பவைசர் கொலின்ஸ் ஓடிவந்து பார்த்துவிட்டு, "சாப்பாட்டுச் சாமான் இருக்கிற இடம்" என்று சொல்லி முதலில் பலகையைக் கழுவச் சொன்னான். இரண்டு தரம் கழுவின பிறகுதான் ஓட்டோவுக்குக் கோல் எடுத்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். கனகாலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, மூலம்தான் போல இருக்கிறது, ஆனாலும் உள்ளுக்கு வேறு ஒன்றும் இல்லை என்று கமரா விட்டுப் பார்க்கவேண்டும், திகதி கேட்டு வாருங்கள் என்று டொக்டர் சொன்னார்.

யாரோ சுகாதாரக் கந்தோருக்கு அறிவித்திருக்க வேண்டும். திங்கட்கிழமை பத்து மணிக்கு சுபாஸ்கரன் என்ற பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இங்க மலசலகூடம் இருக்கோ?"

"ஏன் ஐயா இல்லாமல்? ரைல் பதிச்சது. வாங்கோ, வந்து பாருங்கோ," என்று கொலின்ஸ் திறப்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். பூட்டில் போட்டுத் திருப்பிக் கதவைத் திறந்து காட்டினான். வெள்ளை ரைல், ஒரு கறையில்லை, மூலையில் ஒரு சிலந்தி வலைகூட இல்லை. "எங்கட வீட்டிலையே இப்பிடி இல்லை ஐயா."

"அப்ப அந்த அம்மாவுக்கு ஏன் இப்பிடி வந்தது?"

"அது அவையின்ர குடும்ப வருத்தம். மகள் நிக்கிறா, படிக்கிற பிள்ளை, அவவையே கேளுங்கோ. ஜெயனி, இஞ்ச வா பிள்ளை."

கேட்டது அவ்வளவுதான். ஓம் அல்லது இல்லை என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி வந்திருக்கலாம். ஆனால் ஜெயனி கையுறையைக் கழற்றினாள், கையைக் கழுவித் துடைத்தாள், பைக்குள் இருந்த படத்தை எடுத்துக்கொண்டு போனாள். இது அம்மம்மா, இது அம்மா, இது மாமி, கறுப்பு என்றால் வருத்தம் உள்ளவர் என்று விரல் வைத்து விளக்கினாள். மற்றப் பதினாறு பெண்களும் நண்டு உடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வடிவாக் கீறியிருக்கிறீங்கள் தங்கச்சி," என்றார் சுபாஸ்கரன். தொலைபேசியில் படமும் எடுத்துக்கொண்டார். தன் தாளில் 'குடும்ப வழி' என்று எழுதுவதை அவள் தலைகீழாகவே வாசித்தாள். நெஞ்சு நிறைந்து போயிற்று. தன்னை ஒரு கந்தோர்க்காரர் தாளில் எடுத்து எழுதுகிறார்.

மூன்றரைக்கு வெளிக்கிடும்போது கொலின்ஸ் கூப்பிட்டான். சத்தம் போடவில்லை. அவன் சத்தம் போடுகிற ஆளில்லை. பூசையில் பாட்டுக்காரன், எந்நேரமும் பகிடி.

"அம்மாவை இனி வேலைக்கு வந்து மினக்கெட வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை. குடும்ப வருத்தமெண்டால் மாறாது. நீயே காட்டினாய் எல்லோ."

அன்றிரவு நாட்குறிப்பில் அவள் படத்தைப் பார்த்து எழுதினாள். கொலின்ஸ் சொன்னதை எழுதவில்லை.

மறுநாள், அந்தத் திருத்தம் எழுதிய செவ்வாய்க்கிழமை, வகுப்பில் படங்களை மாற்றிப் பார்த்துப் பிழை திருத்தச் சொன்னார்கள். ஜெயனியின் படம் உப்புக்குளத்து நஸ்லியாவிடம் போயிற்று. நஸ்லியாவின் வாப்பாவுக்குப் புடவைக்கடை. அவளுக்கு வாய் ஓய்வதில்லை.

"கல்வெட்டு மாதிரிக் கீறி வச்சிருக்கிறாய். இந்த மாமி ஆர்?"

"மாமான்ர பெண்சாதி."

"சொந்தத்துக்குள்ள கலியாணம் முடிச்சவரோ?"

"இல்லை. அவ பாப்பாமோட்டை ஊர். வயல் செய்யிற ஆக்கள்."

"அப்ப உங்கட இரத்தம் அவவுக்குள்ள எப்பிடிப் போனது? கலியாணத்தண்டு ஏத்தினவையோ?"

முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயனி சிரிக்கத்தான் பார்த்தாள். முகம் ஒத்துவரவில்லை.

"சரி, மாமாவுக்கு?" என்றாள் நஸ்லியா. "அம்மான்ர கூடப்பிறந்தவரெல்லோ. அவரின்ர சதுரம் வெள்ளையாக் கிடக்கு."

"யாகப்பர் மாமாவுக்கு ஒண்டும் இல்லை. அவர் கடலுக்குப் போறவர்."

"சொந்த இரத்தத்துக்கு இல்லை, வந்த இரத்தத்துக்கு இருக்கு. நல்ல பரம்பரைதான்."

ஜெயனி படத்தைத் திருப்பி வாங்கினாள். பென்சிலால் கறுப்பு வட்டங்களுக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுகள் எழுதினாள். வாடியில் சேர்ந்தது, வருத்தம் தொடங்கியது. அம்மா 2014, 2016. மாமி 2017, 2019. அம்மம்மாவுக்கு எழுத ஒன்றுமில்லை, அவ வாடியைக் கண்ணால் கண்டதில்லை. அவவுக்கு எட்டாவது பிள்ளையோடு வந்தது. பிறகு தன் வெள்ளை வட்டத்துக்குப் பக்கத்தில் மெல்லியதாக 2024, 2024. நேற்று அம்மாவுக்கு 2010 என்று போட்டிருந்தபடியால்தான் இது கண்ணில் படவில்லை. 2010 இல் வாடியே இல்லை.

வகுப்பில் தந்த தாள் கொப்பிக்குள் இருந்தது. மூலம் குடும்பத்தில் பலருக்கு வரலாம். ஆனால் ஒரே சாப்பாடு, ஒரே பழக்கம், ஒரே வேலை என்பதாலும் அப்படித் தோன்றலாம். மலத்தை அடக்குவது, தண்ணீர் குறையக் குடிப்பது, முக்குவது, நெடுநேரம் ஒரே இடத்தில் இருப்பது, பிள்ளைப்பேறு. இந்த வரியைப் போனகிழமை அவள் சிவப்புப் பேனாவால் கோடிட்டிருந்தாள். அடிமட்டம் வைத்துக் கோடிட்டிருந்தாள். வாசிக்கவில்லை.

"அங்க தண்ணி குடிக்கிறேல்லையோ?" என்று நஸ்லியா கேட்டாள்.

ஜெயனி சொன்னாள். மலசலகூடத்தின் திறப்பு முன்னறையில் கொலின்ஸின் கதிரைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அந்த அறையில்தான் தோணிக்காரர் நண்டு நிறுக்கும் வரை காத்திருப்பார்கள். எந்நேரமும் எட்டுப் பத்து ஆம்பிளைகள். தண்ணீர் பவுசர் வண்டியில் வருவதால் கொலின்ஸ் வாளிக் கணக்கில்தான் விடுவான். திறப்புக் கேட்டால், "சின்னனோ பெரிசோ? சின்னனெண்டா ஒரு வாளி, பெரிசெண்டா ரெண்டு" என்று கேட்பான். அதை அவன் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை, தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தான். ஆனால் ஒருக்கால் புதிதாக வந்த பெண் ஒருத்தி கேட்கப்போய், அன்றிலிருந்து தோணிக்காரர் அவளை ரெண்டு வாளி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ஒரு மாதத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டாள். பிறகு ஒருத்தியும் கேட்டதில்லை. ஐந்தரையிலிருந்து மூன்றரை வரை ஒரு மிடறு தண்ணீர் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்து உடைப்பார்கள். திங்கட்கிழமை பரிசோதகருக்குப் படம் காட்டியதையும் சொன்னாள்.

முதல் நாள் வேலைக்குப் போகும்போது அம்மா சொல்லிக் கொடுத்தது ஜெயனிக்கு நினைவுக்கு வந்தது. தண்ணி குடியாதை. நாலரைக்கு எழும்பி வீட்டிலையே போயிட்டு வா. வராட்டியும் முக்கிப் போ.

நஸ்லியா தன் பேனாவை மூடி வைத்தாள். பிறகு, "எங்கட உம்மாவெண்டா அந்த வாளியை அவன்ர தலையிலை கவுத்திருப்பா," என்றாள். "நீ அந்தக் கந்தோர்க்காரருக்குச் சொல்லன். நீதானே குடுத்தனீ, நீயே மாத்து."

அதைக் கேட்டபிறகுதான் ஜெயனிக்கு விளங்கியது, இதுவரை தான் அதை நினைக்கவே இல்லை என்று. பிழையைக் கொப்பியில் திருத்தியதோடு திருத்தியாயிற்று என்று இருந்திருக்கிறாள். மற்றப் பிரதி சுபாஸ்கரனின் தொலைபேசியில் கிடக்கிறது.

புதன்கிழமை மத்தியானம் வாடிக்குப் பின்னால் நின்று அவருக்குக் கோல் எடுத்தாள். என்ன சொல்லவேண்டும் என்பதை முதலே தாளில் எழுதி வைத்திருந்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தங்கச்சி, நீங்கள் சொல்லுறது சரியாயிருக்கும். ஆனால் அறிக்கை எழுதியாச்சு. மாத்திறதெண்டால் எழுத்திலை முறைப்பாடு வேணும். உங்கட வீட்டு ஆக்கள் இல்லாத மூண்டு பேராவது, தங்களுக்கும் இருக்கு, இன்ன காரணத்தாலை எண்டு கையெழுத்து வைக்கவேணும். வெள்ளிக்கிழமைக்கு முதல் கொண்டுவந்தா நான் திருப்பி வருவன். திறப்பை வெளியிலை தொங்கவிடு எண்டு சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கு. அம்மாவைத் திருப்பி வேலைக்கு எடு எண்டும் கதைக்கலாம்."

மூன்று பேர். பதினேழு பேர் இருக்கும் இடத்தில் மூன்று பேர் என்ன பெரிய காரியம் என்று நினைத்தாள். யார் யாருக்கு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பலகையில் ஒருபக்கமாகச் சரிந்து இருப்பவர்கள், சீலைத்துண்டை மடித்துப் போட்டு இருப்பவர்கள், எழும்பியதும் பாவாடையின் பின்பக்கத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பவர்கள். எண்ணினால் ஒன்பது பேர் வருவார்கள். இத்தனை காலம் அவள் வீட்டு ஆட்களை மட்டும்தான் எண்ணியிருக்கிறாள்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வேலி நிழலில் இருந்தவர்களிடம் தாளைக் கொண்டுபோனாள். ஒருவரும் தாளைக் கையில் வாங்கவில்லை.

"எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லை," என்றாள் ஒருத்தி.

"எனக்கு உறைப்புச் சாப்பிட்டால் மட்டும்தான்," என்றாள் இன்னொருத்தி. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், "நீ எண்டைக்கு உறைப்பில்லாமல் சாப்பிட்டனீ?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கினதும் பழையபடி நிலத்தைப் பார்த்தார்கள்.

ஜெயனி முஸ்பிராவிடம் போனாள். முஸ்பிரா நியாயமான மனுசி, அம்மாவோடு ஒரே பலகையில் ஒன்பது வருடம் இருந்தவ. அம்மா விழுந்தபோது தன் தோள்துண்டை எடுத்துப் போர்த்தியதும் அவதான்.

"முஸ்பிராக்கா, நீங்கள் வச்சா மற்றவையும் வைப்பினம்."

"என்ர மகளைப் பொண்ணு பாக்க ஞாயிற்றுக்கிழமை மறிச்சுக்கட்டியிலயிருந்து வாறாங்க. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"மூலக்காரியின்ர மகளெண்டு அவங்களுக்குப் பேப்பர்ல எழுதிக் குடுக்கச் சொல்றியா?"

"அக்கா, இது மகளுக்குப் போற வருத்தமில்லை. அதைத்தான் இதிலை எழுதியிருக்கு. இந்த வாடியாலை வந்தது."

முஸ்பிரா அவளை நிமிர்ந்து பார்த்தா. கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் ஜெயனிக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"திங்கக்கிழமை அந்த ஐயாவுக்குப் படம் காட்டினது ஆரு புள்ள? தாய்க்கு வந்தா மகளுக்கு வரும் எண்டு வட்டம் வட்டமாக் கீறிக் காட்டினியே. நாங்க எல்லாரும் பாத்தோம்தானே. இண்டைக்கு வந்து இல்லையெண்டா, ஞாயிற்றுக்கிழமை வாற ஆக்களுக்கு ஆரு விளங்கப்படுத்துறது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெயனி தாளை மடித்தாள். அது மடிப்புக் குலையாமல் மடிந்தது. அவள் கைக்கு எல்லாம் நேராகத்தான் வரும்.

மாமி பின்னாலேயே வந்தா. வீட்டு ஆள், கையெழுத்து வைத்தாலும் செல்லாது. ஆனாலும் குரலைத் தாழ்த்திச் சொன்னா: "படத்திலை இருந்து என்ரை வட்டத்தையும் எடுத்துவிடு பிள்ளை. எனக்கும் மகள் இருக்கிறாள்."

அன்று பின்னேரம் அவள் வகுப்புக்குப் போகவில்லை. வீட்டில் அன்ரோனெற் ஒருக்களித்துப் படுத்திருந்தா. முகம் மெழுகுதிரி நிறம். ஜெயனி கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். ஆண்டுகளையும் சொன்னாள். 

"விடு பிள்ளை," என்றா கடைசியில். "இது எங்கட ஆக்களுக்கு உள்ளதுதான்."

"இல்லையம்மா. மாமா நல்லாத்தானே இருக்கிறார்."

"அவர் ஆம்பிளை. கடலிலை ஆர் அவருக்குத் திறப்பு வச்சிருக்கிறது?"

சொல்லிவிட்டு, தான் சொன்னது என்னவென்று அவவுக்கே பட்டிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டா. 

"இரத்தத்திலை வந்ததெண்டால் என்ரை பிழை இல்லை," என்றா அன்ரோனெற், கண்ணைத் திறக்காமல். "ஆண்டவர் தந்ததெண்டு கிடந்திடுவன். நீ சொல்லுற மாதிரியெண்டால், ஒரு திறப்புக் கேக்க வெக்கப்பட்டு நான் பதினொரு வருசம் என்ரை உடம்பை நானே பழுதாக்கினனான். அதை உனக்கும் பழக்கிவிட்டனான். அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது, சொல்லு."

 ஜெயனி இவ்வளவு காலமும் சொல்லாததைச் சொன்னாள்.

"எனக்கும் போகுதம்மா."

"எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"உன்ரை உடுப்புத் தோய்க்கிறது ஆர்?"

கூரைத் தகரத்தில் காகம் ஒன்று நடந்துபோகும் சத்தம் கேட்டது. அம்மா மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தா. திரும்புவதற்குக் கட்டில் சட்டத்தைப் பிடித்து மூச்சை அடக்கவேண்டியிருந்தது. ஒக்ரோபரிலிருந்து அம்மாவுக்குத் தெரியும். ஒக்ரோபரிலிருந்து தினமும் நாலரைக்கு அவளை எழுப்பிவிட்டதும் அம்மாதான். ஜெயனி எழும்பிப் போய்க் கொப்பியை எடுத்தாள்.

13.03.2025, வியாழன்.
கையெழுத்து மூன்று வேண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை. முஸ்பிராக்கா சொன்னதில் பிழை இல்லை.
படத்தை மறுபடி கீறினேன். மாமி கேட்டபடி அவவின் வட்டத்தை எடுத்துவிட்டேன். இனி அதில் எங்கள் இரத்தம் மட்டும்தான் இருக்கிறது. பார்க்கிறவருக்கு இது இன்னும் குடும்ப வருத்தம் போலத்தான் தெரியும். என் வட்டத்தைக் கறுப்பாக்கினேன்.
அம்மம்மாவுக்கு ஏன் வந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. பிள்ளைப்பேறாக இருக்கலாம். இரத்தத்திலும் கொஞ்சம் இருக்கலாம். இல்லை என்று எழுத எனக்குத் துணிவில்லை. ஆனால் அதைத் திங்கட்கிழமை நான் யோசித்திருக்க வேண்டும்.
நாளை வெள்ளி. ஆஸ்பத்திரியில் அம்மாவின் கமராவுக்குத் திகதி கேட்டுவரும்படி யாகப்பர் மாமாவிடம் விடியச் சொல்லவேண்டும். வாடிக்கு ஒரு லீற்றர் போத்தலில் தண்ணீர் கொண்டுபோய், எல்லாருக்கும் முன்னால் குடிக்கவேண்டும். பத்து மணிக்கு முன்னறைக்குப் போய், தோணிக்காரர் இருந்தாலும், கொலின்ஸ் அண்ணையிடம் திறப்பைக் கேட்கவேண்டும்.